போகிக்கு முன் அல்ல, ஆயுத பூஜைக்கு முன்: பழைய டயர்கள் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: பெருநகர சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல அலுவலர்களும் வார்டு சுகாதார ஆய்வாளர்களும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பழைய டயர், டியூப், பாய், தலையணை எதையும் எரிக்காமல் துப்புரவுப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள் என்று போகி நெருங்கும்போது மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. 2018 போகியன்று காலையில் புகையும் பனியும் சேர்ந்து மூடி, விமானங்கள் இறங்க வழியில்லாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிக்கப் போகும் டயரைக் கேட்டு வாங்குவது சரியான வேலைதான்.

ஆனால் போகி வருவது மார்கழிக் கடைசியில். டயரில் தண்ணீர் தேங்குவதோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும். போகிக்கு உங்கள் வண்டியில் ஏறுகிற டயர், அதற்குள் மூன்று மாதம் கொசு வளர்த்து முடித்திருக்கும்.

வடசென்னை டயர் கடை, பஞ்சர் கடைத் தொழிலாளர்களான எங்கள் கோரிக்கை ஒன்றே. அந்த வாங்கும் வேலையை ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்குங்கள். மழை ஓயும்வரை விடாமல் நடத்துங்கள். மண்டலத்துக்கு ஒரு இடம், கூரை போட்டு, டயருக்கென்றே ஒதுக்குங்கள்.

ஆயுத பூஜையை ஏன் சொல்கிறோம் என்றால், வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் வடசென்னையின் எல்லா ஒர்க்‌ஷாப்பும், லாரி ஷெட்டும், ஆட்டோ ஸ்டாண்டும், பஞ்சர் கடையும் மூலை முடுக்கெல்லாம் கழுவப்படும். கடைக்குப் பின்னால், ஏணிக்கு அடியில், மெஷினுக்கு இடுக்கில் கிடந்த டயர் அத்தனையும் வெளியே வந்துவிடும். பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, கடை பளிச்சென்று ஆகும். வெளியே வந்த டயர் மட்டும் திரும்ப உள்ளே போகாது. கால்வாய் ஓரம், கம்பெனிச் சுவர் ஓரம், மின்பெட்டிக்குப் பக்கம் என்று ஒதுங்கிவிடும். ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் மூன்றாம், நான்காம் வாரத்துக்குள் விழுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். வெயிலில் காயக்கூட நாள் இல்லாமல் டயர் மழையில் மாட்டிக்கொள்கிறது.

எந்த டயர் தெருவில் தங்குகிறது என்று தெரிந்துகொண்டால்தான் இந்தத் திட்டம் நடக்கும். தேய்ந்த டயர் எல்லாம் குப்பை இல்லை. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் மேல்பகுதி, தேய்ந்திருந்தாலும் பக்கச்சுவர் நன்றாக இருக்கிற லாரி டயர் கடையில் இரண்டு நாள் நிற்காது. தேய்ந்த இடத்தில் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங்குக்குப் போய்விடும். டியூப்புக்குக் காயலாங்கடையில் எப்போதும் விலை உண்டு. உள்ளே நைலான் நூல் ஓடும் பழைய மாதிரி டயர் வெடித்துப்போனாலும், அதைக்கூடக் கையால் அறுத்து வாராகவும் செருப்படியாகவும் ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தங்கிப்போவது மூன்று வகை. பைக், ஸ்கூட்டர் டயர். ஆட்டோ, கார் டயர். பக்கச்சுவர் கிழிந்த லாரி ரேடியல். ரேடியலில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பி வலை ஓடுகிறது. லாரி ரேடியல் என்றால் பக்கச்சுவருக்குள்ளும் கம்பிதான். கத்தி ஏறாது, வார் கிழிக்க முடியாது, அதனால் ஆள் தொடுவதில்லை. ரோட்டில் ரேடியல் பெருகப் பெருக, அறுத்துப் பிழைக்கும் பழைய வழி சுருங்கிக்கொண்டே வருகிறது.

பைக் டயருக்கு வேறு சிக்கல், எடை. ஒரு பைக் டயர் 2 முதல் 4 கிலோ. ஆட்டோ டயர் 3 கிலோ சுமாருக்கு. கார் டயர் 6 முதல் 10. லாரியின் 10.00-20 அளவு டயர் தேய்ந்த பிறகும் 40, 50 கிலோ நிற்கும். குட்டி யானை முக்கால் டன் தாங்கும் வண்டி. எடைக் கணக்கில் 15 லாரி டயர் போகலாம், ஆனால் இடம் 12-க்கு மேல் கொடுக்காது. பைக் டயரைத் தலைக்கு மேல் 100 அடுக்கினாலும் 300 கிலோதான். வண்டிக் கூலியும் டீசலும் ஒன்றேதான். பழைய டயருக்குக் கிடைக்கும் காசு அந்தக் கூலிக்குக் காணாது. இதனால்தான் பத்து டயர் வைத்திருக்கிற பஞ்சர் கடை, அதை எங்கும் கொண்டுபோவதில்லை. அலட்சியம் என்று நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுகிறோம். விலை உள்ள டயரை வாங்க வடசென்னையில் ஆள் ஏராளம். விலை இல்லாததை வாங்கத்தான் இடம் வேண்டும். மண்டலக் கிடங்கில் ‘பைக் டயர் எடுப்பதில்லை’ என்று ஒரு நாள் யாராவது சொல்லிவிட்டால் திட்டம் அன்றோடு படுத்துவிடும்.

இனி தண்ணீர். நிறுத்தி வைத்த லாரி டயர் நல்ல மழையில் இரண்டு வாளித் தண்ணீரைப் பிடிக்கும். கவிழ்த்தால் போய்விடும் என்று நினைப்பது தவறு. டயரின் வாய் உள்பக்கம் மடிந்திருப்பதால், எந்தப் பக்கம் சாய்த்தாலும் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றி வரும், ஒரு சொம்பாவது மிச்சம் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்.

ஆய்வுக்குப் போகும் பணியாளர்களுக்கு ஒரு சின்ன விஷயம். டயருக்குள் குனிந்து பார்த்தவுடன் கொசுப்புழு தெரியாது. ஆள் நிழல் விழுந்ததும், டயர் அசைந்ததும் அவை சட்டென்று அடியில் இறங்கிச் சருகுக்குள் மறைந்துவிடும். டார்ச்சைச் சாய்த்து அடித்து, அசையாமல் ஒரு நிமிடம் நின்றால் மூச்சு வாங்க மேலே வரும். அப்போதுதான் தலைகீழாகத் தொங்குவது கண்ணில் படும். எட்டிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிய டயர் பலவற்றில் புழு இருக்கும்.

புழுவைக் கொட்டினாலும் வேலை முடியவில்லை. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி மேலே, ரப்பர் சுவரில், கரிப்பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதம் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தெருவுக்கு உருட்டிப்போன டயர், கொசுவையும் கூடவே கூட்டிப்போகிறது. 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆசியப் புலிக்கொசு பரவியிருப்பது தெரியவந்தபோது, அது கப்பலில் வந்த பழைய டயர் வழியாகத்தான் வந்திருக்கிறது என்று கண்டார்கள். கொட்டிய பிறகு உள்சுவரைத் தேங்காய் நாரோ கம்பி பிரஷ்ஷோ வைத்து ஒரு சுற்றுத் தேய்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் டயரை நனையாத இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

கழிவு ஆயிலை டயருக்குள் ஊற்றுகிற பழக்கத்தை எங்கள் தொழில்காரர்களும் விட வேண்டும். புழு சாகும், உண்மைதான். ஆனால் அடுத்த மழையில் நிரம்பி வழிந்து ஆயில் கால்வாய்க்குப் போகும், எண்ணெயில் ஊறிய ரப்பரைத் தூளாக்க எந்த ஆலையும் எடுக்காது.

தரையில் கிடப்பதை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தார்ப்பாயும் காற்றில் பறக்காமல் இருக்க, வீட்டுக் கூரை மேல் டயர் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் புயல் காற்றில் கூரை போய்விடும் என்ற பயம் நியாயமானது. டயரை வாங்கிக்கொள்ளும்போது பதிலுக்கு மணல் நிரப்பிய இரண்டு சாக்கு மூட்டை கொடுங்கள். தராமல் கேட்டால் யாரும் இறக்கிக் கொடுக்க மாட்டார்கள். மாடியில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் ஒரு தெருவின் கூரை டயர் மொத்தத்தையும் எண்ணிவிடலாம்.

காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கப் பக்கத்தில் டயர் தொங்குகிறது. அது அங்கே தேவைப்படுகிற பொருள், பறிக்கச் சொல்லவில்லை. தொங்கும் டயரின் அடிமட்டத்தில் ஒரு ஓட்டை போதும், மழைத் தண்ணீர் நிற்காது. 12 மில்லிமீட்டர் டிரில் பிட்டில் போட்ட ஓட்டை பயன்படாது. ரப்பர் சுருங்கி அடைத்துக்கொள்ளும், மேலே ஒரு சருகு வந்து உட்கார்ந்தால் தீர்ந்தது. ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு வேண்டும். தரையில் படுத்திருக்கும் டயருக்கு இந்த ஓட்டை உதவாது. கிடக்கும் வாக்கில் தண்ணீர் வேறு இடத்தில் நிற்கும். படகுக்கு நைலான் டயரே நல்லது, துளையிடவும் சுலபம். அறுக்கும்போது கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுத்தால் ரப்பர் பிடிக்காமல் வழுக்கிப் போகும். கிரைண்டர் வைக்கவே கூடாது. ரப்பர் கருகிப் புகையும், கம்பியில் பட்டால் பொறி பறக்கும்.

கால்வாய் தூர் வாரும்போது வருகிற டயர் தனி வகை. கேப்டன் காட்டன் கால்வாயிலும் ஓட்டேரி நல்லாவிலும் பாலத்துக்கு அடியில் ஒரே ஒரு லாரி டயர் நிமிர்ந்து நின்றால் போதும். அதில் பாலித்தீன் மாட்டும், பாலித்தீனில் சகதி தங்கும், ஒரு வாரத்தில் தண்ணீர் போகும் பாலத்தின் கண் அடைபடும். டயர் தண்ணீரில் மிதந்து போகாது, அடியில் உருண்டு உருண்டு குறுகலான இடத்தில்தான் போய் நிற்கும். உள்ளே சகதி நிரம்பிய லாரி டயர் 100 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் கொக்கி போட்டு இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். கரையில் ஏற்றியதும் நிமிர்த்தி, அரைச் சுற்று உருட்டி, மேலே வந்த சகதியைச் சம்மட்டிப் பிடியால் தட்டி விழ வைத்துவிட்டு, திரும்ப அரைச் சுற்று உருட்ட வேண்டும். நாலு தடவையில் எடை பாதியாகும். அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட வேண்டும். கரையில் விட்டுப்போன டயர் முதல் மழைக்கே கால்வாய்க்குள் திரும்பிவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட வண்டிகளை அகற்றும்போதும், லாரி ஷெட்டுகளைக் காலி செய்யும்போதும் டயர் சக்கரத்தோடு வரும். லாரிச் சக்கரத்தில் 100 பவுண்டுக்கு மேல் காற்று அடைத்திருக்கும். டியூப் போட்ட பழைய சக்கரத்தில் டயரைப் பிடித்துக்கொண்டிருப்பது லாக் ரிங் என்ற ஒரு இரும்பு வளையம். துரு ஏறிய ரிங், காற்று இருக்கும்போது தட்டினால் தெறிக்கும். எதிரே நிற்கும் ஆளின் தலைக்கு வந்துவிடும். சக்கரத்தின் நட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விட வேண்டும். சத்தம் நின்றுவிட்டது என்பதால் காற்று போய்விட்டது என்று பொருளில்லை. அழுக்கு அடைத்தும் சத்தம் நிற்கும். வால்வுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பின்பக்கம் ஜோடிச் சக்கரம் என்றால் உள்சக்கரத்துக் காற்றையும் சேர்த்து விட வேண்டும். வெளிச்சக்கரத்தின் டிஸ்க் விரிசல் விட்டிருந்தால், நட் தளர்ந்த நொடியில் பிளந்துகொள்ளும். இந்த வேலையைத் துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுக்காதீர்கள். சக்கரத்தோடு வரும் டயரைக் கிடங்கில் தனியாக வையுங்கள். பிரிப்பதற்குத் தொழில் தெரிந்தவர் வரட்டும்.

டயரைக் குப்பை அழுத்தும் கம்பாக்டர் லாரியில் போடுவதும் கூடாது. அழுத்தினால் அமுங்கும், தட்டு விலகியதும் பழையபடி விரியும். கிழிந்த ரேடியலின் கம்பி நீட்டிக்கொண்டு தட்டின் இடுக்கில் மாட்டும். திறந்த பாடி வண்டிதான் சரி, சந்துக்குள் இருந்து முனைக்குக் கொண்டுவர மீன்பாடி வண்டி போதும். ஏற்றும்போது படுக்க வைத்து அடுக்காமல், மீன் முள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கினால் அதே பாடியில் கூடுதலாகப் பிடிக்கும், வளைவில் சரியவும் சரியாது. லாரி டயரின் நடு ஓட்டை 20 அங்குலம், ஆட்டோ டயரின் வெளி விட்டமோ 16 அங்குலத்தை ஒட்டித்தான். லாரி டயர் ஒன்றுக்குள் ஆட்டோ டயர் இரண்டைத் திணித்துவிடலாம், இடம் தனியாக வேண்டாம். ஆனால் கிடங்கில் இறக்கியதும் அவற்றைப் பிரித்து வகைப்படுத்துங்கள். கலந்து கிடக்கும் குவியலுக்கு நல்ல விலை கேட்க முடியாது.

கிடங்குக்குப் பெரிய இடம் தேவையில்லை. 40 அடிக்கு 20 அடி, ரோட்டு மட்டத்திலிருந்து ஒரு அடி உயர்த்திய தரை, சரிவான தகரக் கூரை, சுற்றிலும் கம்பி வலை. இதில் நடக்க வழி விட்டு 200 லாரி டயர் அடுக்கலாம். முழு லாரி ஒன்றுக்கு 120 டயர் சுமார் ஏறும். 120 சேர்ந்ததும் அனுப்பிவிட்டால் இடம் எப்போதும் மிச்சம் இருக்கும். தார்ப்பாய் போட்டு மூடலாம் என்ற யோசனை வேண்டாம். டயர் மேல் விரித்த தார்ப்பாய் குழி குழியாகத் தொய்ந்து, தானே தண்ணீர் தாங்கும். கண்டெய்னர் வண்டிகள் நிற்கும் சாத்தாங்காடு, மாதவரம் லாரி நிலையம் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் அமைத்தால் நல்லது. ஒரு டிரெய்லருக்கு 14, 18, 22 சக்கரம் ஓடுகிறது, துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போய்வரும் அந்த வண்டிகளின் டயர்தான் எங்கள் பக்கம் மலையாகச் சேர்கிறது.

தீ விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டயர் சுலபத்தில் பற்றாது, பற்றினால் சுலபத்தில் அணையாது. நடுவில் ஓட்டை இருப்பதால் எல்லாப் பக்கமும் காற்று கிடைக்கும். தண்ணீர் அடித்தால் மேலே வழிந்து ஓடும், உள்வளைவில் நெருப்பு நின்று எரியும், உருகிய எண்ணெய் தண்ணீரோடு கால்வாய்க்கு இறங்கும். ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது. இரண்டு அடுக்குக்கு நடுவே பத்தடி விட வேண்டும், தீயணைப்புப் பணியாளர் நுழையவும் நெருப்பு தாவாமல் இருக்கவும். ஒரு லோடு மண் எப்போதும் பக்கத்தில் குவிந்திருக்கட்டும். டயர் தீயைத் தண்ணீரை விட மண்தான் அடக்கும். வெல்டிங், பீடி, மேலே ஓடும் மின்கம்பி மூன்றும் அருகில் இருக்கக் கூடாது.

கம்பிக்காக டயர் எரிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் உத்தரவிட்டது. அபராதம் இருக்கட்டும். ஆனால் இரவில் எரிப்பவர் கையில் மிஞ்சுவது வெந்து கெட்ட கொஞ்சம் கம்பி. மூச்சில் போவது பென்சீனும் கந்தகப் புகையும். அவர் எரிக்கும் டயர் நாம் தெருவில் விட்ட டயர். கிடங்கு வந்து, கொண்டுவரும் டயருக்கு எடைக்கு இவ்வளவு என்று சிறு தொகை கையில் கொடுத்தால், அவரே உங்களுக்கு நல்ல சேகரிப்பாளர் ஆவார்.

சேர்ந்த டயர் எங்கே போக வேண்டும் என்பதற்குச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. 2022 ஜூலை 21-ல் மத்திய அரசு அறிவித்த திருத்த விதிகளின்படி, டயர் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பழைய டயர் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. முதல் ஆண்டில் 35 சதவீதம், அடுத்து 70, 2024-25 முதல் 100. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் தரும் சான்றிதழை வாங்கித்தான் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே அந்த ஆலைகளுக்கு டயர் தேவை. பஞ்சர் கடையில் கிடக்கும் ஆறு பைக் டயருக்காக யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள். வகை பிரித்த முழு லோடு என்றால் அனுப்புவார்கள். நடுவில் விட்டுப்போன அந்தக் கண்ணிதான் மண்டலக் கிடங்கு. பதிவு பெற்ற ஆலைக்கு மட்டும் கொடுங்கள். எடை மேடை ரசீதின் ஒரு நகலைக் கிடங்கிலும் வையுங்கள். வழியில் செங்கல் சூளைக்கோ பாய்லருக்கோ திரும்பாமல் இருக்க அதுதான் பூட்டு. தூளாக்கும் ஆலைக்கும் ரப்பர் மீட்கும் ஆலைக்கும் முதலிடம் கொடுங்கள். அந்தத் தூளைத் தாரில் கலந்து ரோடு போடுவதற்கு சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. நம் மண்டலச் சாலைகளுக்கே அதைக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். வடசென்னையில் சேகரிப்பு மட்டும் நடக்கட்டும். டயரை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் ஆலை எதையும் இதைக் காரணம் காட்டி இங்கே கொண்டுவர வேண்டாம். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. இங்கே இருக்கும் புகைக்குழாய்களே போதும்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். கடை வாசலில் எந்த டயரும் ஓட்டை போடாமல் மழையில் நிற்காது. பைக், ஆட்டோ, கார், லாரி என்று பிரித்து, தண்ணீர் கொட்டி, உள்ளே தேய்த்து, காய வைத்துக் கொடுப்போம். கழிவு ஆயில் ஊற்ற மாட்டோம். ரிங் கழற்ற ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறோம். நீங்கள் தேதியைப் புரட்டாசி பிறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்த வார்டுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த முனையில் வண்டி நிற்கும் என்ற நாலு வரி நோட்டீஸ் போதும், ஒவ்வொரு பஞ்சர் கடைச் சுவரிலும் நாங்களே ஒட்டுகிறோம். அபராத நோட்டீஸ் அந்தத் தேதி கடந்த பிறகு வரட்டும். அப்போது டயர் வாசலில் கிடந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இப்படிக்கு,
வடசென்னை டயர் கடை, பஞ்சர் கடை, வல்கனைசிங் தொழிலாளர்கள்